பூமானியா, ஆம்பு பேக் வென்டிலேட்டரா? மாணவர்கள் செய்த மலிவு விலை மூச்சுக் கருவிகள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள், வசதி குறைந்த மருத்துவமனைகளை மனத்தில் வைத்து இரண்டு மூச்சுக் கருவிகளைச் செய்தார்கள். ஒன்று, பச்சிளங்குழந்தைகளுக்கான ‘பூமானி’ என்ற பபுள் சிபேப், அதாவது மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து காற்று கொடுக்கும் கருவி. மற்றொன்று, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் என்ற பையை மோட்டாரால் அழுத்தவைக்கும் ‘அப்பல்லோ பிவிஎம்’. கொரோனா காலத்தில் அதிகம் பேசப்பட்டது இரண்டாவதுதான். ஆனால் பணமும் உழைப்பும் முதலில் போக வேண்டியது பூமானிக்கே என்பது என் கருத்து.

குறைமாதக் குழந்தை மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளப் பார்க்கும். அவற்றைத் திறக்க அந்தச் சின்ன நெஞ்சு படாத பாடு படும். மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்று போய்க்கொண்டே இருந்தால் அவை மூடாது. அந்த அழுத்தத்தை முடிவு செய்வது ஒரு தண்ணீர் பாட்டில்: வெளிவரும் குழாயின் முனை 6 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அழுத்தமும் 6 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அளவுதான். மூக்கில் வைத்த குழாய் நழுவினால் தண்ணீரில் குமிழி நின்றுவிடும். பல குழந்தைகளை ஒருவராகப் பார்க்கும் நர்ஸுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! காற்றுக்கு மாணவர்கள் பிடித்தது மீன்தொட்டி பம்பு. முதல் மாதிரியை ஒரு பிளாஸ்டிக் ஷூ பெட்டிக்குள் அடக்கினார்கள். உதிரிபாகச் செலவு சுமார் 350 டாலர். அப்போது சந்தையில் இதே வேலையைச் செய்யும் கருவி 6,000 டாலர் வரை விற்றது.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளான்டயர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் இதைச் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவு: வெறும் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதமும் சிபேப் பெற்றவர்களில் 71 சதவீதமும் பிழைத்தன. ஆய்வில் இருந்தது 87 குழந்தைகள்தான், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. பிறகு சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து, நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்து, நாட்டின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனார்கள்.

அப்பல்லோவின் பாகங்கள் 300 டாலருக்குள் அடங்கின. 2010இலேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்புத் திட்டமாக இதே வழியில் ஒன்று செய்து, மொத்தமாகத் தயாரித்தால் 200 டாலருக்குள் முடியும் என்று கணக்குச் சொன்னார்கள். மூளை உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தொண்டைக்குள் குழாய் போட வேண்டும், மயக்கத்தில் வைக்க வேண்டும், சளி உறிஞ்ச வேண்டும், ரத்த வாயுப் பரிசோதனை பார்க்க வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். ஐசியு இல்லாத ஊரில் 300 டாலர் இயந்திரம் யாருக்கு உதவும்?

பூமானியைவிட மலிவான போட்டி ஒன்றும் உண்டு. வங்கதேசத்தின் டாக்காவில் உள்ள ஐசிடிடிஆர்,பி என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்கள், ஆக்சிஜனை மட்டும் வைத்து, ஷாம்பு பாட்டிலிலேயே பபுள் சிபேப் அமைத்தார்கள். கடும் நிமோனியாவில், குறைந்த வேக ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 15 சதவீதம் இறக்க, இதில் 4 சதவீதம்தான் இறந்ததாக 2015இல் எழுதினார்கள். ஆனால் குறைமாதக் குழந்தைக்குச் சுத்த ஆக்சிஜன் அதிகமானால் கண் பறிபோகும் ஆபத்து உண்டு. காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும் பூமானிக்கு அந்த இடத்தில் மதிப்பு கூடுகிறது.

பூமானியை ஆதரிக்கும் நான் மறைக்கக் கூடாத தகவலும் ஒன்று உண்டு. மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பபுள் சிபேப் முறையைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. நிமோனியாவோடு எச்ஐவி, ஊட்டச்சத்துக் குறைவு போன்ற பிரச்சினைகளும் இருந்த குழந்தைகளே அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு மாதத்தைக் கடந்தவர்கள். தினமும் டாக்டர் வந்து பார்க்கும் வசதி அங்கே இல்லை. சிபேப் பெற்றவர்களில் 17 சதவீதமும் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதமும் இறந்தார்கள். அதனால் பூமானி வாங்க நிதி திரட்டும் மாணவர் குழு, நர்ஸ் பயிற்சிக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கும் டாக்டரின் தினசரி வருகைக்கும் அதே பட்ஜெட்டில் இடம் வைக்க வேண்டும்.