பழைய பைக் வாங்கும் முன்: எம்பரிவாஹன் ஆப்பும் 500 ரூபாய் மெக்கானிக்கும்

தம்பிக்கு நாகர்கோவிலில் வேலை கிடைத்தது. கருங்கலில் இருந்து தினமும் போய் வர ஒரு வண்டி வேண்டும், புது பைக்குக்கு லோன் போட அவனுக்கு மனசில்லை, கையில் இருந்தது 45,000 ரூபாய். மூன்று வாரம் அலைந்து நான்கு ஸ்ப்ளெண்டர் பார்த்தோம். அந்த அலைச்சலில் எங்களுக்குக் கை கொடுத்தவை இரண்டு. ஒன்று அரசின் எம்பரிவாஹன் ஆப், அது இலவசம். இன்னொன்று எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பார்த்துச் சொல்ல ஒரு தடவைக்கு 500 ரூபாய் வாங்கினார். இதில் எதை விட்டிருந்தாலும் தம்பியின் பணம் போயிருக்கும்.

முதலில் ஆப். வண்டி நம்பரைப் போட்டால் பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், ஆர்சி எதுவரை செல்லும், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வண்டி மேல் ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். ஃபைன் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் பக்கத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். மார்த்தாண்டத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் 2019 மாடலைக் காட்டி "ஒரே ஓனர், வீட்டு வண்டி" என்றார்கள். கடை வாசலில் நின்றே நம்பரைப் போட்டேன், மூன்றாவது ஓனர் என்று வந்தது, ஃபைனான்ஸ் பெயரும் நீங்காமல் அப்படியே கிடந்தது. ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் முடிந்தது என்று காட்டும் ஃபார்ம் 35-ம் இல்லாமல் அந்தப் பெயர் ஆர்சியில் இருந்து போகாது. "அதெல்லாம் பொறவு எடுத்துத் தாறோம்" என்றார்கள். பொறவு எடுத்துத் தருவதற்கு முன்னால் எதற்கு முழுப் பணம்? கிளம்பிவிட்டோம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் இருந்து புது பைக் வாங்கும்போதே ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அதனால் "இன்சூரன்ஸ் கரண்ட்" என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் அந்த மூன்றாம் நபர் பாலிசியாக மட்டும் இருக்கும், நம் வண்டிக்கு அடிபட்டால் அதில் ஒரு பைசா வராது. பாலிசியை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

களியக்காவிளைப் பக்கம் பார்த்தது கேஎல் 19 வண்டி, கேரளாவின் பாறசாலை பதிவு. மற்றவற்றைவிட 7,000 குறைவு. ஆனால் அங்குள்ள ஆர்டிஓ ஆபீசில் இருந்து என்ஓசி எடுக்க வேண்டும், இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும், அலைச்சலையும் சேர்த்தால் அந்த 7,000 எங்கே நிற்கும்? அதை அப்போதே விட்டுவிட்டோம்.

இனி குளச்சல் வண்டி. இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஆப்பில் எல்லாமே சுத்தம். முதல் ஓனர், ஃபைனான்ஸ் இல்லை, சலான் இல்லை, ஆர்சிக்கு இன்னும் ஒன்பது வருடம். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, தம்பி அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையையே விட்டுவிட்டான். மெக்கானிக் அண்ணன் மட்டும் பேசாமல் வண்டியைச் சுற்றி வந்தார், அப்புறம் "மக்ளே, பெயிண்டப் பாக்காத, வண்டியச் சாய்ச்சு அடியப் பாரு" என்று சொல்லிப் படுக்க வைத்தார். பின் வீலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தில் பெயிண்டுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக இருந்தது, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. சென்டர் ஸ்டாண்டு பிடிக்கும் இடமும் அப்படித்தான். ஸ்போக் கம்பிகளை முடுக்கும் நிப்பிள்கள் வீலோடு ஒட்டிப் போயிருந்தன. சீட்டைக் கழற்றினால் வயரிங் கப்ளர் எல்லாம் பச்சை பூத்திருந்தது. பின்பக்கம் கேரியர் வெல்டு செய்து எடுத்த தடம் வேறு. மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி என்றார். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகச் செயினிலும் பின் டிரம்மிலும் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மீன் கொண்டுபோகும் வண்டி என்பதில் ஒரு குறையும் இல்லை, அது ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி. ஆனால் அதைச் சொல்லாமல் மேலே பெயிண்ட் அடித்து விற்பது சரியில்லை, ஸ்விங் ஆர்ம் ஓட்டத்தில் முறிந்தால் போவது ஓட்டுகிற பிள்ளையின் உயிர்.

இதில் ஒரு வரிகூட ஆப்பில் வராது. தனியார் பைக்குக்கு நம் நாட்டில் முதல் 15 வருடம் எந்தப் பரிசோதனையும் கிடையாது, ஆர்சியைப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். நடுவில் இருப்பது புகைச் சான்று மட்டும்தான், அதற்குச் சைலன்சர் போதும், ஸ்விங் ஆர்மை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே மோதியது என்பதும் ஆப்பில் கிடையாது. கடற்கரை ஓரமாகவே கிடக்கும் நம் மாவட்டத்தில் பேப்பர் சுத்தம் என்பதை வைத்து மட்டும் வண்டி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான்காவது வண்டி குலசேகரத்தில் கிடைத்தது. ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு அண்ணனின் வண்டி. டேங்க் முழுக்கக் கீறல், ஃபுட்ரெஸ்ட் வளைந்திருந்தது, மட்கார்டுக்குள் செம்மண் கெட்டியாக ஒட்டிக் கிடந்தது. பார்க்க லட்சணமே இல்லை. முந்தின நாளே போன் செய்து "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணா" என்று சொல்லியிருந்தோம், போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்துதான் இருந்தது. சூடான இன்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும். முதல் உதையிலேயே பிடித்தது, நீலப் புகை இல்லை. ஆயில் கறுப்புதான், ஆனால் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கவில்லை, அப்படி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங் கழுத்தில் இருந்த சேசிஸ் நம்பரை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். அவர் சர்வீஸ் விட்ட ஷோரூமுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் பழைய பதிவைக் கேட்டோம். 2023-ல் 31,000 என்று இருந்தது, இப்போது மீட்டரில் 46,000, கணக்கு சரியாக வந்தது. மீட்டரைப் பின்னால் சுற்றியிருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டும்.

41,000-க்கு முடித்தோம். மலைப் பாதையில் ஏறி இறங்கியதில் கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது, அதையும் செயின் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற 3,200 ஆனது. ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி அந்த வாரமே பெயர் மாற்றக் கொடுத்தோம். விற்ற அண்ணனும் அதில் கறாராகத்தான் இருந்தார், ஆர்டிஓ ஆபீஸ் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஆப்புக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். புகைப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் ரீடிங்கையும் எழுதி இதில் காட்டினால் ஐந்தும் கொடுக்கலாம். மெக்கானிக் அண்ணனுக்கு மூன்று வண்டிக்கு 1,500 ஆனது. ஊரில் பலர் "சும்மா பார்த்துச் சொல்ல எதுக்குக் காசு" என்று கேட்கிறார்கள். குளச்சலில் அவர் ஸ்க்ரூடிரைவரால் குத்திய அந்த இடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன்.