மேக்செல்ஃப்: இணையம் இல்லாத சர்வர்களில் சில வருடப் புழக்கம்

எங்கள் வாடிக்கையாளர்கள் பலரின் லினக்ஸ் சர்வர்களுக்கு இணைய இணைப்பே கிடையாது. உள்ளே மிரர் (மென்பொருள் களஞ்சியத்தின் உள்ளூர் நகல்) வைக்கவும் அனுமதி இல்லை. ஒரே ஒரு ஃபைல் கொடுக்கலாம், அதையும் அவர்களுடைய பாதுகாப்புக் குழு சோதித்த பிறகுதான் சர்வருக்குப் போகும். சில வருடங்களாக அந்த ஃபைலை மேக்செல்ஃப் வைத்துத்தான் செய்கிறோம்.

ஸ்டெஃபான் பீட்டர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் இது. ஒரு டைரக்டரியை டார் செய்து (ஒரே ஃபைலாகக் கட்டி), சுருக்கி, அதன் தலையில் இன்னொரு ஸ்கிரிப்டை ஒட்டி .ரன் ஃபைலாகத் தரும். ஓட்டினால் தற்காலிக இடத்தில் பிரித்து, நாம் சொன்ன கட்டளையை இயக்கி, முடிந்ததும் துடைத்துவிடும். என்விடியா டிரைவரை .ரன் ஃபைலாக நிறுவியவர்கள் பெயர் தெரியாமலேயே இதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் ஓட்டாமலே உள்ளே பார்க்க முடிவது. .ரன் ஃபைலை ஓட்டும்போது லிஸ்ட் என்ற விருப்பம் கொடுத்தால் பட்டியல் வரும். நோஎக்செக், டார்கெட் இரண்டும் கொடுத்தால் பிரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். பாதுகாப்புக் குழு இதைப் பார்த்த பிறகு கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

சுருக்குவதற்கு ஜிஜிப் முறை போதும். இசட்எஸ்டிடி என்ற புதிய முறை வேகம்தான், ஆனால் பிரிக்கும் கருவி அந்தப் பக்கமும் இருக்க வேண்டுமே! உள்ளே வெறும் ஆர்பிஎம் பேக்கேஜ்கள்தான் (ரெட்ஹேட் வகை லினக்ஸின் நிறுவல் ஃபைல்கள்) என்றால் சுருக்கவே வேண்டாம், அவை ஏற்கெனவே சுருங்கியவை. டாக்கர் கன்டெய்னர் இமேஜை ஃபைலாக்கும் ‘டாக்கர் சேவ்’ கட்டளை தரும் டார் ஃபைல் பெரும்பாலும் அப்படியல்ல, அது நன்றாகவே இளைக்கும்.

மேக்செல்ஃப் இதுவரை காலை வாரியதில்லை. தலைவலி எல்லாம் அந்தப் பக்கத்து சர்வர்தான். கட்டுச்சோறு கட்டும்போது உப்பையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதுபோல, எதையும் அங்கே இருக்கும் என்று நம்பக்கூடாது. பேக்கேஜ்களை இறக்கும் ‘டிஎன்எஃப் டவுன்லோட்’ கட்டளையில் ரிசால்வ் விருப்பம் மட்டும் கொடுத்தால், எங்கள் பில்டு மெஷினில் ஏற்கெனவே இருக்கும் சார்புகளை (அந்த மென்பொருள் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களை) விட்டுவிடும். ஆல்டெப்ஸ் விருப்பமும் சேர்க்க வேண்டும். ரெட்ஹேட் லினக்ஸ் 9-இல் கம்பைல் செய்த பைனரியை 8-இல் ஓட்டினால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.34 காணோம் என்று நிற்கலாம், ஏனென்றால் அங்கே இருப்பது 2.28. இருப்பதிலேயே பழைய பதிப்பில்தான் பில்டு செய்கிறோம்.

அடுத்தது டெம்ப் டைரக்டரி, அதாவது .ரன் ஃபைல் பிரியும் தற்காலிக இடம். சிஐஎஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரைப்படி இறுக்கிய சர்வர்களில் அது நோஎக்செக்காக, அதாவது அங்கிருந்து எந்த ஃபைலையும் நேரடியாக இயக்க முடியாதபடி, மவுன்ட் ஆகியிருக்கும் (மேலே சொன்ன நோஎக்செக் விருப்பம் வேறு). ஃபைல் ஒழுங்காகப் பிரியும், ஆனால் நிறுவல் ஸ்கிரிப்ட் ‘பர்மிஷன் டினைடு’ என்று நின்றுவிடும். ரூட்டாக ஓட்டும்போது இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் நம்பவே தோன்றாது. தற்காலிக இடத்தைக் குறிக்கும் டெம்ப்டிர் மாறியை வேறு இடத்துக்கு மாற்றினால் தீரும். இடம் போதவில்லை என்றாலும் இதுதான் மருந்து. எங்கள் ரீட்மீயின் முதல் வரியே அதுதான்.

இதைவிடக் குசும்பானது எஸ்இலினக்ஸ். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் ஒட்டி, அதை வைத்து அனுமதி தரும் பாதுகாப்பு அடுக்கு அது. பிரித்த பைனரியை எம்வி கட்டளையால் ஆப்ட் (/opt) டைரக்டரிக்கு நகர்த்தினால், டெம்ப்பில் ஒட்டிய லேபிளும் கூடவே போகும். கையால் ஓட்டினால் ஓடும், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி மூலம் ஓட்டினால் 203 என்ற பிழை எண்ணோடு விழும். எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சிபி அல்லது இன்ஸ்டால் கட்டளையால் நகலெடுத்தால், போய்ச் சேரும் இடத்து லேபிளே கிடைக்கும்.

அப்புறம், .ரன் ஃபைலின் செக் விருப்பம் காட்டும் ‘ஓகே’, ஃபைல் வழியில் கெடவில்லை என்பதற்கு மட்டும்தான் சான்று. ஒப்பிட்டுப் பார்க்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) அதே ஃபைலுக்குள் இருக்கிறது. உள்ளே கைவைப்பவர் அதையும் மாற்றிவிடலாம். அதனால் ஜிபிஜி கருவியால் போட்ட டிஜிட்டல் கையொப்பத்தைத் தனி ஃபைலாக அனுப்புகிறோம், அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி முன்கூட்டியே வேறு வழியில் போய்விடும்.

அப்டேட், அன்இன்ஸ்டால் எதுவும் மேக்செல்ஃபுக்குத் தெரியாது. நிறுவல் ஸ்கிரிப்டிலேயே அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் முடிவே இல்லை. மென்பொருளை ஆர்பிஎம்மாகக் கட்டி, .ரன் ஃபைலை அதைச் சுமக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஸ்கிரிப்ட் இப்போது ஒரே திரையில் அடங்கிவிடுகிறது.