நாற்பது பேர், நாலு மம்முட்டி

நொய்யல் ஆற்றை நம்பியிருக்கும் குளங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தம் செய்யும் தன்னார்வக் குழுக்களின் புலம்பல் ஒன்றுதான்: முதல் வாரம் நாற்பது பேர், நாலாவது வாரம் ஏழு பேர். எங்கள் குழுவும் அப்படித்தான். வந்தவர்களை நிற்காமல் வரவைப்பது எப்படி என்று யோசனை கேட்டு மூன்று இடத்துக்குப் போனோம்.

முதலில் சென்னையிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனம். கேள்வித்தாள், பவர்பாயிண்ட், கனமான கையேடு. அதில் தப்பு எதுவும் இல்லை. சம்பள ஆட்களோடு தன்னார்வலரும் வேலை செய்யும் மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் மாதிரி இடங்களுக்கு யார் எதைச் செய்வது, வருபவரின் பின்னணி என்ன என்பதையெல்லாம் எழுதி வைத்தே ஆக வேண்டும். அங்கே காசு கொடுத்துக் கூப்பிடலாம். எங்களுக்கோ அப்பன் சட்டையைப் பையன் போட்ட மாதிரி தொளதொளவென்று இருந்தது. கட்டணத்தை சிஎஸ்ஆரில், அதாவது கம்பெனிகள் சமூக வேலைக்கு ஒதுக்கும் பணத்தில், வாங்கலாம் என்றார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்குவது சரிதான். ஆனால் மரக்கன்றுக்குக் கொடுக்கிற கை ஆலோசனைக் கட்டணத்துக்கு லேசில் நீளாது.

அடுத்து, கல்லூரியில் சமூகப்பணி படிக்கும் இரண்டு மாணவிகள். செலவு பஸ் காசும் மதியச் சாப்பாடும். எங்கள் வருகை நோட்டை வாங்கி, வராமல் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டார்கள். இத்தனை நாளாக இது எங்களுக்குத் தோன்றவே இல்லை! பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், "ஷிப்மெண்ட் முடிஞ்சதும் வரலாம்னு இருந்தனுங்க, அப்புறம் யாருமே கூப்பிடலை" என்றாராம். இன்னொருவர், "மம்முட்டி கிடைக்கலைங்க, சும்மா நின்னுட்டு வந்தேன்" என்றாராம். பரீட்சை வந்தது, மாணவிகள் போய்விட்டார்கள். அதுதான் இதில் குறை. என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகளும் அப்படித்தான். வருடத்துக்கு 120 மணி நேரக் கணக்கு முடிந்தால் பாதிப்பேரைக் காணோம்.

மூன்றாவதாக, பக்கத்துக் குளத்துக் குழுவை நடத்தும் பெரியவர், ரிட்டயர்டு மில் ஃபிட்டர். இரண்டு ஞாயிறு எங்கள் கரையில் வந்து நின்றார். "வந்தவங்களை நிக்க வெக்காதீங்க சாமி. நின்னா போனை எடுப்பாங்க, எடுத்தா கெளம்பீருவாங்க" என்றார். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, இளவட்டத்தைச் சீமைக்கருவேலுக்கும் வயசானவர்களைப் பிளாஸ்டிக் மூட்டை எண்ணவும் அனுப்பினார். ஒன்பது மணிக்கு விசில், அத்தோடு வேலை முடிந்தது. அதற்குமேல் ஒரு நிமிடம் யாரையும் இழுத்துப் பிடிக்கவில்லை.

சின்னக் குழுவென்றால் இந்த மாதிரி ஒருவரைத் தேடுங்கள் என்பேன். அவர் போன் போடச் சொல்லவில்லை, அதை மாணவிகளிடம்தான் கற்றோம். காசு வேண்டாம் என்றவர், போகும்போது ஆறு மம்முட்டியை இரவலாக விட்டுப்போனார். அதில் இரண்டுக்குப் பிடி கழன்றுவிட்டது, இன்னும் அவரிடம் சொல்லவில்லை.