நூறு டாலர் தேர்தல் நன்கொடை: வேட்பாளருக்கா, கட்சிக்கா, சூப்பர் பேக்குக்கா, பெயர் சொல்லாத அமைப்புக்கா?

குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் செய்ய வேண்டும் என்று நான் நினைத்து வைத்திருந்த காரியங்களில் ஒன்று, பிடித்த வேட்பாளருக்கு என் சொந்தச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் பணம் கொடுப்பது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறோம். எச்1பி வேலை விசாவில் இருந்த காலமெல்லாம் தேர்தல் என்றால் எங்களுக்கு டிவி விளம்பரமும், பக்கத்து வீட்டுப் புல்வெளியில் நட்டிருக்கும் பெயர்ப் பலகையும்தான். 2024-ல் நூறு டாலர் ஒதுக்கினேன். யாருக்கு என்பது சட்டென்று முடிவாகிவிட்டது. எந்த வழியாகக் கொடுப்பது என்பதுதான் ஒரு மாதம் இழுத்தது.

வழிகள் நான்கு. வேட்பாளரின் பிரச்சாரக் குழுவுக்கு நேராகக் கொடுக்கலாம். கட்சிக் குழுவுக்குக் கொடுக்கலாம். வேட்பாளரோடு சேராமல் தனியாகப் பிரச்சாரச் செலவு செய்யும் சூப்பர் பேக் என்ற குழுவுக்குக் கொடுக்கலாம். வருமான வரிச் சட்டத்தில் 501(சி)(4) பிரிவில் வரும் ‘சமூக நல’ அமைப்புகளுக்கும் கொடுக்கலாம். டார்க் மணி, அதாவது கொடுத்தவர் பெயர் வெளியே வராத பணம் என்று இங்கே பேசப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வழியில் வரும் பணம்தான். நான் வேட்பாளருக்கே நேராகக் கொடுத்தேன். இனியும் அப்படித்தான் கொடுப்பேன்.

உச்சவரம்பு பற்றிப் பேச அதிகமில்லை. 2025-26-ல் வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை தரலாம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி ஒன்று, நவம்பர் தேர்தல் ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. தேசியக் கட்சிக் குழுவுக்கு வருஷத்துக்கு 44,300 வரை. மற்ற இரண்டுக்கும் வரம்பே கிடையாது. நான்கில் எதற்கும் வரிவிலக்கும் இல்லை. நூறு டாலர் கொடுப்பவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் வராது.

கட்சிக் குழுவையும் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கணக்கு ஒழுங்காக வெளியே வரும். ஆனால் நம் பணம் எந்த மாநிலத்துக்கு, எந்தத் தொகுதிக்குப் போக வேண்டும் என்பதைக் கட்சித் தலைமைதான் முடிவு செய்யும். கட்சியை முழுமனதாக நம்புகிறவர்களுக்கு அது சரியான இடம். நான் நம்பியது ஒரு வேட்பாளரை.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே கேள்விதான்: இந்தப் பணத்தின் தடத்தைப் பிறகு யாராவது பார்க்க முடியுமா? என் பணத்தின் தடம் மட்டுமல்ல, அதே பெட்டியில் மற்றவர்கள் போட்ட பணத்தின் தடமும்.

நான் கொடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். நன்கொடைப் பக்கத்தில் கார்டு எண் கேட்பதற்கு முன்பே என்ன வேலை, எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். ஒரே வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலரைத் தாண்டிக் கொடுத்தவர்களின் விவரத்தைப் பிரச்சாரக் குழு ஃபெடரல் தேர்தல் ஆணையத்திடம் பெயர் வாரியாகக் கொடுத்தாக வேண்டும். நான் கொடுத்தது நூறுதானே, பெயர் வராது என்று நினைத்தேன். வந்தது. ஜனநாயகக் கட்சியினருக்கு ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சியினருக்கு வின்ரெட் என்று இரண்டு தளங்கள் வழியாகத்தான் இணைய நன்கொடைகளில் பெரும்பகுதி போகிறது. அவை இடையில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கும் குழுக்கள் என்பதால், சின்னத் தொகையையும் பெயரோடு கணக்குக் காட்டுகின்றன. சில வாரம் கழித்து ஆணையத்தின் இணையதளத்தில் என் பெயரைப் போட்டுத் தேடினேன். பெயர், ஊர், ஜிப் கோடு, கம்பெனி, தேதி, 100.00. ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கியது உண்மை.

அதே பக்கத்திலிருந்து வேட்பாளரின் கணக்குக்குள் போனேன். எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவர், ‘ஓய்வு பெற்றவர்’ என்று வரிசையாகப் பல பேர், முழு 3,300 கொடுத்த கட்டுமானத் தொழில்காரர் ஒருவர் (அப்போது வரம்பு அவ்வளவு). செலவுப் பக்கத்தில் அச்சகம், அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், டிவி நேரம் வாங்கிய ஏஜென்சி. இந்த வேட்பாளர் நாளைக்குக் கட்டுமானத் துறைக்குச் சாதகமாக ஓட்டுப் போட்டால், அந்த 3,300-ஐ நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. பெயர் வெளியே வரும் கலக்கத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இதுதான். எனக்கு அது கட்டுப்படியாகிறது.

தடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாநிலமே பார்த்தது. 2019 ஜூலையில் ஓஹையோ சட்டமன்றம் எச்பி 6 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பெரி, டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையங்களை மூடாமல் காப்பாற்ற, மாநிலம் முழுவதும் மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்க வழி செய்த சட்டம். மொத்தத்தில் சுமார் 130 கோடி டாலர் விவகாரம். அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். உடனே டிவியில் விளம்பரம்: சீன அரசு நம் மின்கட்டமைப்புக்குள் நுழையப் பார்க்கிறது, கையெழுத்துப் போடாதீர்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. கீழே ஓர் அமைப்பின் பெயர் இருந்தது. அதற்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்று எங்கேயும் இல்லை. போதிய கையெழுத்து சேராமல் அந்த முயற்சி தோற்றது.

அடுத்த வருஷம் ஜூலையில் ஓஹையோ கீழவை சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டரை எஃப்பிஐ கைது செய்தது. ஃபர்ஸ்ட்எனர்ஜி மின்நிறுவனமும் அதன் முன்னாள் துணை நிறுவனமும் சுமார் 6 கோடி டாலரை, ஜெனரேஷன் நவ் என்ற 501(சி)(4) அமைப்பின் வழியாக அவருடைய பிடிக்குள் கொண்டு சேர்த்திருந்தன. அவரைச் சபாநாயகர் ஆக்கவும், சட்டத்தை நிறைவேற்றவும், கையெழுத்து இயக்கத்தை முறியடிக்கவும் அந்தப் பணம்தான் உதவியது. அமைப்பே குற்றத்தை ஒப்புக்கொண்டது. நிறுவனம் 2021-ல் 23 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. 2023-ல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 வருஷச் சிறை. மாநிலக் குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவர் மேட் போர்ஜஸுக்கு 5 வருஷம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. இவ்வளவு பணமும் ஒரு வேட்பாளரின் கணக்குக்குள் வந்திருந்தால், ஏதோ ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்திருப்பார். பெயர் சொல்லாத வழியில் வந்ததால் எஃப்பிஐ-யும் ஒட்டுக்கேட்ட உரையாடல்களும் தேவைப்பட்டன.

அது குடியரசுக் கட்சிக்காரர்கள் விவகாரம்தானே என்று கேட்பார்கள். அந்த வழக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் வழி இரண்டு கட்சிக்கும் பொது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருக்கும் சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் 2020-ல் மட்டும் சுமார் 41 கோடி டாலர் செலவழித்தது. எதிர்ப்பக்கம், பழமைவாதச் செயல்பாட்டாளர் லெனார்ட் லியோவின் மார்பிள் ஃப்ரீடம் டிரஸ்டுக்குத் தொழிலதிபர் பார் ஸைட் தன் நிறுவனத்தையே எழுதிக் கொடுத்தார். மதிப்பு 160 கோடி டாலர். 2022 ஆகஸ்டில் பத்திரிகைகள் தோண்டி எடுக்கும்வரை அது நாட்டுக்குத் தெரியாது. 2020-லிருந்து இத்தகைய அமைப்புகள் நன்கொடையாளர் பெயர்களை வருமான வரித் துறைக்குக்கூட வருஷாவருஷம் கொடுக்க வேண்டியதில்லை.

சூப்பர் பேக் இதைவிட மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். அது நன்கொடையாளர் பட்டியல் தர வேண்டும். 2010-ல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் தேர்தல் செலவுக்குக் கதவைத் திறந்துவிட்டபோதுகூட, ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், யார் கொடுத்தார்கள் என்பதை வெளியிட வைக்கும் விதிகள் செல்லும் என்றே சொன்னார்கள். ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது. பட்டியலில் நன்கொடையாளர் என்று ஒரு 501(சி)(4) பெயர் இருந்தால் தடம் அங்கேயே அறுந்துபோகும். இன்னொன்று, தேதி. 2017 டிசம்பரில் அலபாமா செனட் இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டக் ஜோன்ஸுக்காக ‘ஹைவே 31’ என்ற உள்ளூர்ப் பெயரில் ஒரு சூப்பர் பேக் முளைத்தது. அது தேசிய ஜனநாயகக் கட்சிச் சூப்பர் பேக்குகளின் வேலை என்பது ஓட்டுப் போட்டு முடிந்த பிறகுதான் கணக்கில் வந்தது. 2018 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் இரண்டு பக்கமும் இதையே செய்தார்கள்: ஜனநாயகக் கட்சிப் பணம் ஒரு பெயரில், குடியரசுக் கட்சித் தலைமைக்கு நெருக்கமான பணம் ‘மவுண்டன் ஃபேமிலீஸ்’ என்ற பெயரில். மலைநாட்டுக் குடும்பங்கள் என்று பெயர் வைத்தால் யாருக்கு வாஷிங்டன் ஞாபகம் வரும்? சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. நேர்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சூப்பர் பேக்குக்கு நான் ஒரு டாலர்கூடக் கொடுத்ததில்லை. கொடுத்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். பணத்தின் வலிமையிலும் வேட்பாளர் வழிதான் எனக்கு லாபமாகத் தெரிகிறது. பிரைமரிக்கு முன் 45 நாள், பொதுத்தேர்தலுக்கு முன் 60 நாள், டிவி நிலையங்கள் வேட்பாளருக்கு ஆகக் குறைந்த கட்டணத்தில் நேரம் தர வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே நூறு டாலர் வேட்பாளர் கையில் அதிக நொடி ஓடும். விளம்பர முடிவில் ‘இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் அளிக்கிறேன்’ என்று வேட்பாளர் தன் வாயால் சொல்லவும் வேண்டும். குடியரசுக் கட்சியின் மெக்கெய்னும் ஜனநாயகக் கட்சியின் ஃபைன்கோல்டும் சேர்ந்து 2002-ல் கொண்டுவந்த விதி. இன்றைக்கு அப்படி இரண்டு கட்சியும் சேர்வதைக் காணோம். பெரிய தொகை கொடுப்பவர்களின் பெயரை வெளியிட வைக்கும் டிஸ்க்ளோஸ் மசோதா 2022 செப்டம்பரில் செனட்டில் 49-49 என்று நின்றுபோனது. குடியரசுக் கட்சியில் ஒருவரும் ஆதரிக்கவில்லை. அதற்கு ஓட்டுப் போட்ட கட்சியும் அதே பணத்தில் பிரச்சாரம் செய்வதை நிறுத்தவில்லை.

எதிர்வாதத்தை எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர் நன்றாகச் சொன்னார். “வேலை பாக்குற இடத்துல எவனாவது பேரைப் போட்டுத் தேடுனா என்னம்மா பண்ணுவ? பேரு வராத எடமாப் பாத்துக் குடு.” அவர் விசாவில் இருந்தபோது வேலை பறிபோய், அடுத்த வேலை தேட இருந்த அறுபது நாளை எண்ணியவர். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அலபாமா மாநிலம் கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி-யின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, கொடுக்க வேண்டியதில்லை என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுத்திருந்தால் அவர்கள் வேலையும் உயிரும் ஆபத்தில் இருந்திருக்கும். ஆனால், “அண்ணா, நம்ம நூறு டாலர மறைக்கிற அதே திரைக்குப் பின்னாலதான் ஆறு கோடியும் நிக்குது” என்றேன். சிறு தொகைக்கு மறைவு, பெருந்தொகைக்கு வெளிச்சம் என்று பிரிக்க முடியாதா? முடியும் என்று அரிசோனா காட்டியது. 2022 நவம்பரில் 72 சதவீதம் பேர் மக்கள் வாக்கெடுப்பில் ஆதரித்து நிறைவேற்றிய ப்ராப் 211 என்ற சட்டம், மாநிலப் பிரச்சாரத்தில் பெருந்தொகை செலவழிப்பவர்கள் 5,000 டாலருக்கு மேல் கொடுத்தவரின் மூலப் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. நடுவில் எத்தனை அமைப்பு கைமாறினாலும் சரி.

நான் தேர்ந்தெடுத்த வழியிலும் குறை இருக்கிறது. இரண்டாவது முறை இன்னொரு வேட்பாளருக்கு 25 டாலர் கொடுத்தபோது, ‘மாதந்தோறும்’ என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் கார்டு ஸ்டேட்மென்ட்டில்தான் பார்த்தேன். எழுதிக் கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2020 தேர்தலில் டிரம்ப் பிரச்சாரமும் அவர் கட்சியும் சேர்ந்து 12 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்ததற்கு இந்த டிக்குகள் ஒரு பெரிய காரணம். பெட்டி விஷயத்தில் சட்டம் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2021 மே மாதம் ஒருமனதாகக் காங்கிரஸைக் கேட்டது. ஆறு பேரில் ஒரே கட்சியினர் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாத, எதற்கும் நான்கு ஓட்டு வேண்டிய அந்த ஆணையத்தில் ஒருமனம் அபூர்வம். 2025 மே மாதம், முடிவெடுக்கத் தேவையான அந்த எண்ணிக்கையே (கோரம்) இல்லாமல் போய்விட்டது. அப்போதும் கணக்குகள் இணையத்தில் வந்துகொண்டுதான் இருந்தன. புகாரை விசாரித்துத் தண்டிப்பதுதான் நின்றது. பொத்தானை அழுத்துமுன் டிக்கை எடுத்துவிடுங்கள். தொலைபேசி எண் கட்டாயமில்லை என்றால் கொடுக்காதீர்கள். எனக்கு அக்டோபர் முழுக்கக் குறுஞ்செய்தி நிற்கவில்லை.

விசா நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்1பி, எச்4 (எச்1பி-காரர் குடும்பத்தினர்), எஃப்1 (மாணவர்) விசாக்களில் இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும் பத்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கூட்டுக் கணக்குக் கார்டாக இருந்தால் பணம் குடியுரிமை உள்ளவருடையது, பெயரும் அவருடையது என்பதில் கவனம் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் ஃபெடரல் தேர்தலுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஓஹையோவில் 2024-ல் வந்த சட்டம், மாநில வாக்கெடுப்புப் பிரச்சாரங்களுக்கு அவர்கள் பணம் தருவதையும் தடுக்கிறது. அதன் மேல் வழக்கும் நடந்தது. அதே நாட்டில் சுவிட்சர்லாந்துக்காரரான ஹான்ஸ்யார்க் வீஸ் என்ற கோடீஸ்வரரின் அமைப்பு, சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்டுக்குக் கோடிகளில் கொடுத்திருக்கிறது. தேர்தலுக்குச் செலவிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தந்தோம் என்கிறார்கள். இருக்கலாம். அதைச் சரிபார்க்க என் பெயர் வந்த மாதிரி ஒரு பக்கம் வேண்டும். அப்படி ஒரு பக்கம் அந்தப் பணத்துக்கு இல்லை.