பழைய டிராக்டர் இன்ஜினுக்குள் கசடு: சம்பைக் கழற்றுவதா, ஆயிலை விட்டே கரைப்பதா?

பழைய டிராக்டர் ஒன்றின் ராக்கர் கவரை, அதாவது இன்ஜின் தலையில் உள்ள மூடியை, திறந்து பார்த்தால், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே கருப்பாகக் கசடு அப்பிக் கிடக்கிறது. இதை எப்படி எடுப்பது என்று நாலு பேரைக் கேட்டால் நாலு வழி சொல்வார்கள். ஒருவர் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட விடச் சொல்வார். இன்னொருவர் இன்ஜினுக்குள்ளே கழுவுவதற்கென்று விற்கும் ஃபிளஷ் டப்பாவை வாங்கி ஊற்றச் சொல்வார். நல்ல ஆயிலை ஊற்றி அடிக்கடி மாற்றினால் தானாகக் கரையும் என்பார் மூன்றாமவர். கடைசி ஆள், சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிக் கையால் வழிக்காமல் வேலைக்கு ஆகாது என்பார். கசடு தடிமனாக இருந்தால் நான் கடைசி ஆளின் கட்சி. மெல்லிய படலம் மட்டும்தான் என்றால் மூன்றாமவர் சொல்வதே போதும். முதல் இரண்டு வழிகளிலும் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

தடிமனா, மெல்லியதா என்று பார்ப்பது எளிது. இன்ஜினைச் சூடாக்கி ஆயிலை வடித்துவிட்டு, சற்று ஆறியதும் நுனி வளைத்த கம்பி ஒன்றை டிரெயின் துளை வழியாக விட்டு அடியைத் துழாவுங்கள். கம்பி இரும்பில் உரசினால் பரவாயில்லை. மெத்தென்று எதிலோ புதைந்து, வெளியே இழுத்ததும் களிம்பு போல ஒட்டி வந்தால், கீழே நன்றாகவே படிந்திருக்கிறது. ராக்கர் கவரின் மூலைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பாருங்கள். மேலே கொஞ்சம் இருந்தால் கீழே நிறைய இருக்கும்.

இந்தக் கசடு எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் எந்த வழி பலிக்கும் என்று சொல்ல முடியும். டீசல் எரிந்த புகைக்கரி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் எரியாத டீசல், குளிர்ந்த இன்ஜினுக்குள் வியர்க்கும் தண்ணீர், சூட்டில் கெட்டுப்போன ஆயில் எல்லாம் சேர்ந்ததுதான் அது. கரியை ஆயிலிலேயே மிதக்க வைக்கும் மருந்து அந்தக் காலத்துச் சாதா ஆயிலில் கிடையாது. அதனால் அழுக்கு அடியில் போய்ப் படிந்தது. ஆயிலில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பழைய ஃபில்டர் அமைப்பில் இது வழக்கம்தான்.

முதலில் மண்ணெண்ணெய் வழி. செலவு குறைவு, அரை மணி நேர வேலை, அதனால்தான் இதற்கு இவ்வளவு பேர். ஆனால் அது கசட்டைக் கரைப்பதற்கு முன் ஆயிலைத்தான் கரைக்கும். இன்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கில் உலோகமும் உலோகமும் தொடாமல் காப்பது ஆயிலின் மெல்லிய படலம். மண்ணெண்ணெய் கலந்தால் அந்தப் படலம் வலுவிழக்கும். ஐடிலிங்கில், அதாவது சுமை இல்லாமல் மெதுவாகத்தானே ஓடுகிறது என்பார்கள். அந்த வேகத்தில் பம்ப் தரும் பிரஷர் ஏற்கெனவே குறைவு, தேய்ந்த பழைய இன்ஜினில் இன்னும் குறைவு. இன்ஜினை ஓட விடாமல், ஆயிலை வடித்த சம்பில் மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு இரவு ஊற விட்டு வடிப்பதில் அந்த ஆபத்து இல்லை. பலனும் கொஞ்சம்தான், மேல்பகுதி மட்டும் இளகி வரும். வடிந்து முடிந்ததும் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றிக் கழுவி வடித்துவிடுங்கள். பெட்ரோலை மட்டும் எந்த வழியிலும் கிட்டே கொண்டுவர வேண்டாம். அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

டப்பா ஃபிளஷ்ஷின் கதையும் கிட்டத்தட்ட இதேதான், கொஞ்சம் நாகரிகமாக. வடிப்பதற்கு முன் பழைய ஆயிலில் ஊற்றி, 10, 15 நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டி வடிக்கச் சொல்வார்கள். ரிங் பள்ளத்தில் ஒட்டிய பிசினுக்கும் மெல்லிய படலத்துக்கும் இது உதவும். விரல் தடிமன் கசட்டில் இதை ஊற்றுவதுதான் வினை. அந்தக் கசடு சர்க்கரை மாதிரி கரையாது, செதிள் செதிளாகப் பெயரும். பெயர்ந்த செதிள் முதலில் போய் அடைப்பது ஆயில் பம்பின் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை. அது ஃபில்டருக்கு முன்னாலேயே இருப்பதால், எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் அதைக் காப்பாற்றாது. வலையைத் தாண்டிய பொடி ஃபில்டரை அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அப்புறம் வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். ஆயில் பிரஷர் காட்டும் கேஜ் முள்ளைக் கவனியுங்கள். வேகத்தைக் கூட்டக் கூட்டப் பிரஷர் இறங்கினால் ஸ்ட்ரெய்னரைச் சந்தேகப்பட வேண்டும், உடனே நிறுத்த வேண்டும். ஐடிலிங்கில், அதுவும் சூடானபின் மட்டும் இறங்கினால் பேரிங் தேய்மானமாக இருக்கலாம். அதை எந்தக் கழுவலும் சரி செய்யாது.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றினால் உள்ளே பளிச்சென்று ஆகும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. கழுவும் மருந்து டீசல் இன்ஜின் ஆயிலில்தான் அதைவிட அதிகம். அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மெதுவான வழிதான் மூன்றாவது: 15டபிள்யூ-40 போன்ற தடிமன் எண்ணும், டப்பாவில் ஏபிஐ சிஐ-4 அல்லது சிகே-4 என்ற தரக் குறியும் உள்ள டீசல் இன்ஜின் ஆயில். அதில் உள்ள டிட்டர்ஜென்ட் ஒட்டியதை இளக்கும், டிஸ்பெர்சன்ட் அதைப் பொடியாகவே மிதக்க வைக்கும். ஊற்றிய சில மணி நேரத்தில் ஆயில் கருத்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் மாற்றம் 10 மணி நேர ஓட்டத்தில், அடுத்தது 25, அதற்கடுத்தது 50 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வழுவழுப்பான கருப்பு மட்டும் இருந்தால் சரி. மினுமினுக்கும் துகள் இருந்தால் பிரச்சினை கசடு அல்ல, உள்ளே உலோகம் தேய்கிறது. ஆயில் செலவு கூடும், பொறுமையும் வேண்டும். ஆனால் மெல்லிய படிவுக்கு இதைவிட ஆபத்து குறைந்த வழி இல்லை. பல வருடம் சாதா ஆயிலில் ஓடிய வண்டியில், சம்பைத் திறக்காமல் இந்த ஆயிலுக்கு மாறினால் செதிள் ஆபத்து இங்கேயும் உண்டு, வேகம் மட்டும்தான் குறைவு.

சம்பைக் கழற்றும் வழியில் ஊகத்துக்கே இடமில்லை. வலை தெரியும், பம்ப் தெரியும், பேரிங் கேப்பையும் தொட்டுப் பார்க்கலாம். தடை ஒன்றுதான். தகட்டுச் சம்ப் என்றால் போல்ட்டுகளைக் கழற்றினால் இறங்கிவிடும். பழைய டிராக்டர்கள் பலவற்றிலோ வார்ப்பிரும்புச் சம்ப்தான், அதுவே வண்டியின் முதுகெலும்பிலும் பங்கு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சட்டமாக நிற்கும் இந்தக் கட்டுமானத்தை 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் பரப்பியது. அப்படிப்பட்ட வண்டியில் முன் அச்சுத் தாங்கியும் சம்பிலேயே மாட்டியிருக்கலாம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியே முட்டுக் கொடுத்துத் தாங்காமல் அங்கே ஒரு போல்ட்டையும் தொடக் கூடாது. வசதி இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

இறக்கியபின் முதலில் மரச்சட்டத்தால் கசட்டை வழித்து எடுங்கள், பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும். நூல் பிரியும் துணி வேண்டாம், ஒரு நூலே வலையில் சிக்கும். அலுமினியச் சம்பில் காஸ்டிக் சோடா கூடாது, அரித்துவிடும். பம்பைக் கழற்றியிருந்தால் அதன் பற்களுக்குள் வாசலின் பூசி மாட்டினால் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும். மூடியபின் டீசலை நிறுத்தும் நாப்பை இழுத்துப் பிடித்து, கேஜ் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இடையிடையே மோட்டாரை ஆற விட்டு, அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கசடு கருப்பாக இல்லாமல் காபி நிறத்தில் குழைந்திருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் டிரெயின் நட்டை மெல்லத் தளர்த்துங்கள். தனித்து நிற்கும் தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும். சில சொட்டு என்றால் வியர்வைத் தண்ணீராக இருக்கலாம். அதற்குக் காரணங்கள்: எப்போதும் திறந்தே நின்று இன்ஜினைச் சூடேற விடாத தெர்மோஸ்டாட், இன்ஜினுக்குள் இருக்கும் ஆவியை வெளியே விடும் பிரீதர் அடைத்துக்கொள்வது, சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குட்டி ஓட்டங்கள். நிறைய வந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது லைனரின் (பிஸ்டன் ஓடும் குழாய்) அடி ரப்பர் வளையம் போயிருக்கும். தண்ணீரே இல்லாமல் ஆயில் அளவு மட்டும் ஏறியிருந்தால் டீசல் கசிகிறது, டீசலைத் தொட்டியிலிருந்து இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயாஃப்ரத்தைப் பாருங்கள்.