இன்டர்காமா, மெமரி டயலா?

திருகோணமலை உவர்மலையில் எங்களுடையது மாடி வீடு. கீழே அம்மம்மா, மேலே நாங்கள். கோட்லெஸ் போன் வாங்கியதும் முதலில் பழகியது இன்டர்காம்தான். லைன் வந்து சேரும் பெட்டிதான் பேஸ்; ஒரே பேஸில் பதிந்த இரண்டு ஹேண்ட்செட் இருந்தால் போதும், ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிடலாம். டெலிபோன் லைனை அது தொடுவதே இல்லை. அதனால் காசும் இல்லை, மழைக்கு லைன் செத்துக் கிடந்தாலும் வேலை செய்யும். "தேத்தண்ணி ஆறுது, இறங்கி வா" என்று அம்மம்மா படியடியில் நின்று கத்துவது அதோடு நின்றது. வெளியிலிருந்து வரும் அழைப்பை மாடிக்கு மாற்றிவிடவும் இது உதவும்.

மெமரி டயல் வேறு சங்கதி. எண்ணை ஒரு பட்டனில் பதிந்து வைத்தால், பல போன்களில் அதை அழுத்திப் பிடித்தாலே அழைப்புப் போகும். 07 என்று தொடங்கும் பத்து இலக்கத்தைக் கண்ணாடி தேடிப் போட்டு, ஒவ்வொன்றாக அமுக்கி, எட்டாவதில் பிழைவிட்டு மறுபடி தொடங்கும் பாடு இல்லை. 2இல் மாமா, 3இல் 1990 என்ற அம்புலன்ஸ் எண். மூன்றாம் பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டும் வைத்தேன். அம்மம்மாவுக்கு அது "ஆஸ்பத்திரிப் பொட்டு".

கரண்ட் போனால் இரண்டும் ஊமைதான், பேஸுக்கு மின்சாரம் வேண்டுமே. அதற்காகப் பழைய வயர் போனை எறியவில்லை.

தனியாக இருக்கும் வயதானவருக்கு ஒன்றைத்தான் பழக்கலாம் என்றால், யோசிக்காமல் மெமரி டயலைப் பழக்குவேன். இன்டர்காம் இல்லாவிட்டால் படியேறினால் சரி.