பையா, பழைய வழியா?
மலக்குடல் புற்றுநோய் அறுவை என்றதும் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தில் முதல் கேள்வி, "பை வைக்க வேண்டியதில்லையே?" என்பதுதான். வயிற்றில் துளையிட்டு, மலம் வந்து சேர அங்கே ஒட்டும் பை அது. ஆசனவாய் தப்பினால் எல்லாம் பழையபடி என்று நினைக்கிறோம். அப்படியில்லை. மலம் தங்கும் இடம் குறைந்துவிடுவதால் பலர் அடுத்தடுத்து ஓட வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது. ஓரிரு ஆண்டில் ஓரளவு தணியும், சிலருக்குத் தணியாது. டர்பனுக்குப் பஸ் ஏறவே பயம், காவடிக் கூட்டத்தில் நிற்கவும் பயம்.

நிரந்தரப் பையில் கூச்சம் உண்டு, தோல் புண்ணாகலாம். ஆனால் பாதி நிறையும் முன் மாற்றிக்கொண்டு நிம்மதியாக வெளியே போகலாம். எது நல்வாழ்வு தரும் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கட்டி மிகக் கீழே இருந்து, ஆசனவாய்த் தசையும் தளர்ந்தவருக்கு நான் பையைத்தான் சொல்வேன். அப்புறம், பை ஒட்டுவதற்குச் சேலைக் கட்டு படாத இடத்தை அறுவைக்கு முன்பே நர்ஸிடம் குறித்துக்கொள்ளுங்கள்.